மின் கிதாரின் கரகரப்பு

தம்புராவின் குதிரை மீது, ஒவ்வொரு கம்பிக்கும் அடியில், சிறு நூலிழை ஒன்று செருகப்பட்டிருப்பதை அன்பர்கள் கண்டிருக்கக்கூடும். அதனை ஜீவா என்பர். அந்த நூலைச் சற்றே முன்னும் பின்னும் நகர்த்தினால், ஏதோ ஓரிடத்தில் கம்பியானது குதிரையைத் தொட்டும் தொடாமலும் உரச, இனிய ரீங்காரம் ஒன்று எழுகின்றது. அது இல்லாத தம்புராவை வித்துவான்கள் உயிரற்றது என்று ஒதுக்கிவிடுவர். உரசலால் எழும் ஓசையே அது. ஆயினும் நாம் வேண்டிப் பெறும் ஓசை. அதே உரசல் ஒரு மின் கிதாரில் எழுமாயின், அதை வாசிப்பவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். சென்ற பங்குனித் திங்களில் நம் அண்டை வீட்டுத் தம்பி ஒருவன் அவ்வாறு உட்கார்ந்துவிட்டதையும், அதன் பின்னர் நிகழ்ந்தவற்றையும் நம் சங்கத்துக் குடும்பங்களுக்குச் சொல்லலாம் என்று எண்ணுகிறோம். கிதார் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கவலைப்படும் பெற்றோர் இந்த ஊரில் நம்மவரிடையே பலர் உளர்.

அத்தம்பிக்கு வயது பதினெட்டு. தந்தை இல்லை. தாயார் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் வேலை பார்க்கிறார். பெங்களூருக்குப் பிழைப்புத் தேடி வந்த நம் பெண்மக்கள் எத்தனையோ பேர் அந்த வேலையால்தான் குடும்பத்தை நிறுத்தியிருக்கின்றனர். இரண்டு ஆண்டுகள் கட்டிய சீட்டை எடுத்து, அந்த அம்மையார் மகனுக்குப் பழைய மின் கிதார் ஒன்றையும், அதன் ஒலியைப் பெருக்கும் பெட்டி ஒன்றையும் வாங்கிக் கொடுத்தார். பையனும் வீணாக்கவில்லை, இராப்பகலாகப் பழகினான். மெல்லிசைக் குழு ஒன்றில் வாசிக்கும் வாய்ப்பும் வந்தது. ஒத்திகைக்குப் போன அன்றே குழுத்தலைவர், “தம்பி, கை நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தக் கருவி மேடைக்கு ஆகாது, வேறு ஒன்றோடு வா” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பழுது பார்க்கும் கடை ஒன்றுக்குக் கொண்டு போனான். அங்கே ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, தண்டியே கெட்டுவிட்டது, உள்ளிருக்கும் மின்பாகங்களையும் மாற்ற வேண்டும், ஒன்பதாயிரம் ஆகும் என்றார்கள். அவ்வளவு கொடுப்பதைவிடப் புதியதே வாங்கிவிடலாம் என்று தாயார் முடிவு செய்தார். கையிலிருந்த இரண்டு வளையல்களை அடகு வைப்பதென்று ஆயிற்று. அச்செய்தி நம் வீட்டு அத்தையின் காதுக்கு எட்டியது. அத்தை இளமையில் வீணை பயின்றவர். “வளையல் எங்கே ஓடிவிடப் போகிறது? இரண்டு ஞாயிற்றுக்கிழமை பொறுக்கச் சொல்” என்றார். பொறுப்பு நம் தலையில் விழுந்தது.

நாம் பத்தாம் வகுப்புத் தேறி ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவர்; சங்கீதமும் அறியோம், மின்னியலும் கல்லூரியில் படித்தறியோம். ஆனால் கணக்கு இடித்தால் எங்கே இடிக்கிறது என்று தேடுவது நம் அன்றாடத் தொழில். கூட்டுத்தொகையில் நானூற்றுப் பதினேழு ரூபாய் குறைகிறது என்றால், அது பெரும்பாலும் ஒரே பிழையாக இராது. நானூறு ஓரிடத்திலும், பதினேழு வேறோரிடத்திலும் ஒளிந்திருக்கும். மொத்தத்தையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு இரண்டும் அகப்படா. தம்பியிடம் நாம் முதலில் கேட்டது, “கரகரப்பு என்கிறாயே, எத்தனை கரகரப்பு?” என்பதுதான். “ஒன்றுதான் அண்ணா; எப்போதும் இருக்கிறது” என்றான். அவன் சொன்னது அவ்வாறு; கருவி சொன்னது வேறு.

இருப்புப்பாதைத் தொழிலில் முற்காலத்து வழக்கம் ஒன்று உண்டு. வண்டி நிலையத்தில் நிற்கும்போது ஓர் ஊழியர் நீண்ட காம்புள்ள சுத்தியலால் ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே செல்வார். நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். விரிசல் உள்ளது மந்தமாக ஒலிக்கும். அவர் வண்டி முழுவதையும் ஒருங்கே கேட்பதில்லை. ஒரு சக்கரம், பின் மற்றொன்று. நாமும் அவ்வாறே தொடங்கினோம். பெட்டியில் செருகாமல், வெறும் மரமும் கம்பியுமாக வாசிக்கச் சொன்னோம். தடித்த கம்பிகள் இரண்டில் ‘கிர்ர்’ என்ற உலோக உரசல் கேட்டது. பிறகு பெட்டியில் செருகி, வாசிக்காமல் சும்மா வைத்திருக்கச் சொன்னோம். கம்பி அசையாதபோதே ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல்! வாசிக்காமலே வருவது ஒன்று. வாசித்தால் மட்டும் வருவது மற்றொன்று. அவன் இரண்டையும் ஒன்றாகக் கட்டி ஒரே பெயரிட்டிருந்தான். மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. அது பின்னர்தான் தெரிந்தது.

இங்கே மின் கிதார் என்பது எவ்வாறு பாடுகிறது என்பதைச் சிறிது சொல்ல வேண்டும். மரக் கிதாரில் வயிற்றுப்பெட்டி உண்டு. வீணைக்குக் குடம் இருப்பது போல. மின் கிதாரின் உடலோ பெரும்பாலும் திண்ணிய மரம். எஃகுக் கம்பிகளின் அடியில் காந்தங்களும், அவற்றைச் சுற்றித் தலைமயிரினும் மெல்லிய செப்புக் கம்பியில் பல ஆயிரம் சுற்றுகளும் உள்ளன. இதற்குப் பிக்கப் என்று பெயர். கம்பி அசைய, காந்தப் புலம் அசைய, சுற்றுகளில் மின்சாரம் பிறக்கிறது. மைக்கேல் பாரடே 1831-இல் கண்டறிந்து சொன்ன தத்துவமே இது. நம் வீட்டுக்கு மின்சாரம் தரும் பெரிய ஆலைகளும் இதைக் கொண்டே இயங்குகின்றன. கிதாரில் இதைப் பொருத்தி விற்பனைக்குக் கொண்டு வந்தவர்கள் அமெரிக்காவில் ஜார்ஜ் பீசாம்ப்பும் அடால்ப் ரிக்கன்பாக்கரும், ஆண்டு 1932. வட்ட உடலும் நீண்ட கைப்பிடியுமாக இருந்த அக்கருவிக்கு மக்கள் வைத்த செல்லப் பெயர் ‘வறுசட்டி’! சங்கீதம் சட்டியில் பிறந்தது என்று நகைக்க வேண்டா. நம் மாண்டலின் சீனிவாஸ் (1969–2014) தம் கச்சேரிகளில் கையாண்டதும் மின் மாண்டலின்தான். அதைக் கேட்டுத் தலையசைக்காத பெரியவர் எவர்?

பிக்கப் ஓர் அப்பாவி. கம்பியின் அசைவு எது, அறையில் பரவியிருக்கும் மின்சார அதிர்வு எது என்று அதற்குப் பகுத்தறியத் தெரியாது. நம் நாட்டு வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை ஊசலாடுவது. அந்த அலையையும் அதன் மடங்குகளையும் பிக்கப் வாங்கிப் பெட்டிக்கு அனுப்பிவிடுகிறது. இதற்கு 1955-இல் கிப்சன் நிறுவனத்தைச் சேர்ந்த சேத் லவர் ஓர் உபாயம் கண்டார். இரண்டு சுற்றுகளை அருகருகே எதிர்முகமாக வைத்தால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையும். கம்பியின் ஓசை மட்டும் கூடும். தம்பியின் கிதாரில் இருந்தவையோ பழைய முறையில் அமைந்த ஒற்றைச் சுற்றுகள்.

எங்கள் வீதி தண்டவாளத்தை ஒட்டியது. “மேலே போகிற கம்பியில் 25,000 வோல்ட்டு ஓடுகிறதே, அதனால்தான் அண்ணா” என்று தம்பி ரயில்வேயின் மீது பழியைப் போட்டான். நமக்குச் சற்றே சினம் வந்தது. கிதாரைக் கையில் ஏந்தி மெல்லச் சுழலச் சொன்னோம். கிழக்கு நோக்கியபோது இரைச்சல் மிகுந்தது. வடகிழக்கில் ஏறக்குறைய அடங்கியது. பிறகு வீட்டின் விளக்குகளையும் விசிறிகளையும் ஒவ்வொன்றாக நிறுத்தினோம். கூடத்து விசிறியை நிறுத்தியதும் இரைச்சலின் முரட்டுப் பகுதி ‘டக்’கென்று நின்றது. குற்றவாளி, சுவரிலிருந்த பழைய மின்னணு ரெகுலேட்டர். மின்சாரத்தின் அலையை அரைகுறையாக வெட்டி விசிறியின் வேகத்தைக் குறைக்கும் வகை அது. வெட்டிய முனைகள் பிக்கப்பில் குத்துகின்றன. மேலே போகும் கம்பி அப்போதும் அங்கேயேதான் இருந்தது.

மிச்சமிருந்த ‘ம்ம்ம்’ ஒலி, கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்தால் குறைந்தது, எடுத்தால் கூடியது. பெட்டியின் மூன்று முனைச் செருகியை, சுவரில் இடம் இல்லை என்று இரண்டு முனை மாற்றி ஒன்றின் வழியே செருகியிருந்தார்கள். எர்த் என்னும் நிலத்தொடர்பு அங்கேயே அறுந்துவிட்டது. இதை வாசிக்கும் பெற்றோரை நாம் வேண்டிக்கொள்வது: உங்கள் பிள்ளை எர்த் முனையை ஒடித்தோ தவிர்த்தோ பெட்டியை இணைத்திருந்தால் இன்றே மாற்றுங்கள். பெட்டியில் பழுது நேர்ந்தால் மின்சாரம் எஃகுக் கம்பி வழியே வாசிப்பவனின் விரலுக்கே வரும். சங்கீதம் பிறகு, உயிர் முதல்.

கிதாரில் கம்பிவடம் செருகும் வாயின் மறை தளர்ந்து, உள்ளே ஓர் ஈயப் பற்றும் விட்டிருந்தது. வடத்தை அசைத்தால் ‘படபட’ என்றது அதனால்தான். சதார் பத்ரப்பா சாலைக்கு, நம்மவர் நாவில் எஸ்.பி. ரோடுக்கு, ஒரு சனிக்கிழமை மாலை போனோம். மின்னணுச் சாமான்களில் அங்கே கிடைக்காததைத் தேடுவதுதான் கடினம். புதிய செருகுவாய், ஒட்டும் செப்பு நாடா, ஈயம், நல்ல மூன்று முனை நீட்சிப் பலகை ஆகியவற்றை வாங்கினோம். கிதாரின் உட்குழியில் செப்பு நாடாவை ஒட்டி நிலத்தொடர்போடு இணைத்தோம். வெளி இரைச்சலுக்கு அது ஒரு வேலி. ‘ம்ம்ம்’ முற்றும் மறைந்தது என்று சொல்லோம். ஒற்றைச் சுற்றுக்கு அது பிறவிக் குணம். ஆனால் வாசிப்பின் நடுவே கேட்காத அளவுக்கு ஒடுங்கியது.

நிற்க. இனி, மரத்திலும் கம்பியிலும் எழுந்த உரசல். இங்கேதான் அத்தை அருகில் வந்து அமர்ந்தார். கிதாரின் உறுப்புகளுக்குத் தம்பி ஆங்கிலப் பெயர் சொல்ல, அத்தை வீணைப் பெயர் சொல்வார்: இது பிரடை, இது மேரு, இது தண்டி, இவை மெட்டுகள், இது குதிரை. வீணையில் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்தவை. வெயில் நாளில் மெழுகு இளகி ஒரு மெட்டு தூக்கிக்கொண்டால், அதற்கு முந்தைய மெட்டில் வாசிக்கும்போது கம்பி அதன் தலையில் இடித்துக் கரகரக்கும் என்றார். கிதாரில் மெழுகு இல்லை. மெட்டுகள் மரத்தில் வெட்டிய கோட்டில் அறைந்து இறக்கப்பட்டவை. மற்றபடி நியாயம் ஒன்றே.

எந்த இடத்தில் உரசுகிறது என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். மெட்டை அழுத்தாமல் வெறுங்கம்பியை மீட்டும்போது மட்டும் கரகரத்தால், மேருவில் கம்பி பதியும் பள்ளம் ஆழமாகிவிட்டது என்று ஐயுறலாம். எல்லா இடத்திலும் கரகரத்தால் குதிரையில் கம்பி தாழ்ந்திருக்கலாம். முதல் ஐந்தாறு மெட்டுகளில் மட்டும் என்றால், தண்டி மிக நேராகிவிட்டது என்று பொருள். தம்பியின் கருவியில் நிகழ்ந்தது இந்தக் கடைசி வகை. நேராக இருப்பது நல்லதுதானே என்று கேட்கலாம். மீட்டிய கம்பி நடுவில் அகன்று ஆடுகிறது. அந்த ஆட்டத்துக்கு இடம் விட்டு, தண்டியும் மிகச் சிறிதளவு குழிந்திருக்க வேண்டும். ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 45 கிலோ இழுவிசையோடு தண்டியை முன்னே வளைக்கின்றன. அதை எதிர்த்து இழுக்கவே தண்டிக்குள் ஓர் எஃகுக் கோல் புதைத்து வைக்கப்பட்டுள்ளது. அதன் திருகு ஓரளவுக்கு மேல் இறுகியிருந்தது.

பெங்களூரின் பங்குனி வறட்சியும் இதில் பங்கு கொண்டது. கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல் உயர்ந்த இந்த ஊரில், மாசி பங்குனியில் காற்று உலர்ந்து, ஆடி ஆவணியில் நனைந்துவிடும். மரம் அதற்கேற்பச் சுருங்கும், விரியும். தண்டியின் ஓரத்தில் மெட்டுகளின் முனைகள் விரலைக் கீறும்படி நீட்டிக்கொண்டிருந்தன. மெட்டு வளரவில்லை, மரம் சுருங்கியிருந்தது. அம்மரம் ஈட்டி, நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மரம். உலகெங்கும் கிதார் செய்வோர் விரும்பி வாங்குவது அது. 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஈட்டி இனத்து மரங்கள் அனைத்தும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, இசைக் கருவி செய்வோர் பெரிதும் இடர்ப்பட்டனர். 2019-இல்தான் செய்து முடித்த இசைக் கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஹாசனிலோ குடகிலோ வளர்ந்த மரம் கடல் கடந்து போய்க் கிதாராகி மீண்டும் பெங்களூருக்கு வருவதும் உண்டு போலும்!

ஆலன் சாவியால் திருகைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி இரவு முழுதும் விட்டுவைத்தோம். தம்பி ஒரே மூச்சில் முழுச் சுற்றும் திருப்பிவிடத் துடித்தான். அத்தை அவன் கையிலிருந்து சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். மறுநாள் இன்னும் கால் சுற்று. முதல் மெட்டையும் கடைசி மெட்டையும் ஒருங்கே அழுத்திப் பிடித்தால், நடுவில் ஏழாம் எட்டாம் மெட்டுகளுக்கு மேல் ஒரு முகவரி அட்டை நுழையும் அளவு இடைவெளி தோன்றியது. அதற்கு முன் அங்கே காற்றுக்கும் வழி இல்லை.

பன்னிரண்டாம் மெட்டின் மேல் தடித்த கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை அளக்க நம்மிடம் நுண்ணளவுகோல் இல்லை. ஆனால் பெட்டியடியில் பழைய அட்டைப் பயணச்சீட்டுகள் சில இருந்தன. கணினிச் சீட்டு வருமுன் நாடெங்கும் விற்ற அந்தச் சிறு அட்டை, 1830-களில் இங்கிலாந்தில் தாமஸ் எட்மண்ட்சன் என்ற நம்மைப் போன்ற ரயில்வே ஊழியர் வகுத்தது. கனம் அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. இரண்டு சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர். கிதாருக்குச் சொல்லப்படும் உயரமும் ஒன்றரையிலிருந்து இரண்டு மில்லிமீட்டர்தான். சீட்டு இரண்டும் தடையின்றி நுழைந்து கம்பியை மெல்லத் தொடும்வரை குதிரையின் திருகுகளைச் சரிசெய்தோம். அதன் பின்னும் எட்டாம் மெட்டில் மட்டும் ஓர் உரசல் நின்றது. குறுகிய எஃகு அளவுகோல் ஒன்றை மூன்று மெட்டுகளின் மீது கிடத்தினால், ஒன்பதாவதன் மேல் ஏற்றப்பலகைபோல் ஆடியது. அத்தை சொன்ன ‘தூக்கிக்கொண்ட மெட்டு’! மேலே மரத்துண்டு வைத்து இரண்டு தட்டுத் தட்டினோம். உள்ளே இறங்கி அமர்ந்தது. இன்னும் மிகச் சிறிய உரசல்கள் சில இருக்கத்தான் செய்தன. பெட்டியின் வழியே கேட்டால் அவை வரவில்லை. பெட்டிக்குப் போகாத ஓசையைத் துரத்துவது வீண் என்று விட்டுவிட்டோம்.

மூன்றாவது ஓசை ஒரு விந்தை. ஐந்தாம் கம்பியை வெறுமனே மீட்டினால் மட்டும் எங்கோ ‘ஙிண் ஙிண்’ என்று ஒரு நடுக்கம். தம்பி மீட்ட, நாம் கருவியின் ஒவ்வோர் உறுப்பையும் விரலால் அழுத்திப் பார்த்தோம். ஒரு பிரடையின் மறை தளர்ந்திருந்தது, இறுக்கினோம். முதுகுப்புறக் குழியிலிருந்த வில்சுருள்கள் தாமே பாடிக்கொண்டிருந்தன; சிறு பஞ்சுத் துண்டால் அவற்றின் வாயை அடைத்தோம். நடுக்கம் குறைந்தது, நிற்கவில்லை. கிதாரையும் பெட்டியையும் தாழ்வாரத்துக்குக் கொண்டு போய் மீட்டினால் நடுக்கமே இல்லை! கருவியில் இல்லாத ஓசையைக் கருவியில் தேடிக்கொண்டிருந்தது தெரிந்தது.

ஐந்தாம் கம்பி விநாடிக்கு 110 முறை அசைவது. ஊஞ்சலை அதன் போக்குக்கு இசைய மெல்லத் தள்ளினாலே அது உயர எழுவதுபோல, ஒரு பொருளின் இயல்பான அதிர்வும் வெளி ஓசையும் ஒத்துவிட்டால், அப்பொருள் தானே நடுங்கத் தொடங்கும். கூடத்தில் தம்பி மீண்டும் மீண்டும் அதே கம்பியை மீட்ட, நாம் எவர்சில்வர் டம்ளர்களையும் அலமாரிக் கைப்பிடியையும் சன்னல் கண்ணாடியையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். சமையலறை வாயிலில் நின்றிருந்த அவன் தாயார் ஒன்றும் சொல்லாமல் நேரே சுவரருகே சென்று, மாலையிட்டிருந்த கணவரின் படத்தின் மேல் விரல் வைத்தார். ஓசை நின்றது. சட்டத்தில் கண்ணாடி தளர்ந்திருந்தது. “இவன் வாசிக்கும்போதெல்லாம் இது பேசும், எனக்கு முன்பே தெரியும்” என்றார் அந்த அம்மையார். படத்தை வேறு அறைக்கு மாற்றலாமா என்று நாம் கேட்கவில்லை. அவரே நாட்காட்டித் தாள் ஒன்றை நான்காய் மடித்துக் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் இடையே செருகினார்.

செலவு மொத்தம் எழுநூற்று முப்பது ரூபாய். அதில் புதுக் கம்பிகளுக்கே பெரும்பங்கு போயிற்று. வளையல்கள் அடகுக்கடை காணவில்லை. குழுத்தலைவர் மறு ஒத்திகையில் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “எந்தக் கடையில் வாங்கினாய்?” என்று கேட்டாராம்.

முதல் மேடை வைகாசியில், கோலார் தங்கவயலில், ஒரு திருமண வரவேற்பு. சுரங்கம் 2001-இல் மூடப்பட்ட பின்னும் அங்கே நம் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம்; நாளும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போவோரும் பலர். தம்பியோடு நாமும் பங்காருப்பேட்டை மார்க்கமாக மாரிக்குப்பம் வண்டியில் போனோம். மண்டபத்தில் வண்ண விளக்குகளை ஏற்றி இறக்கும் கருவி மேடைக்கு அடியிலேயே இருந்தது. பெட்டியைத் திறந்ததும் பழைய ‘ம்ம்ம்’ முன்னிலும் பெரிதாய் எழுந்தது. குழுத்தலைவரின் முகம் மாறிற்று. தம்பி பதறவில்லை. கிதாரை மார்போடு அணைத்து நின்ற இடத்திலேயே மெல்லச் சுழன்றான். ஓரிடத்தில் இரைச்சல் அடங்கியது. அந்தத் திசை மணமக்களுக்குப் பாதி முதுகு காட்டும் திசை. பத்தரை மணிவரை அப்படியே நின்று வாசித்தான். முதலில் முறைத்த தலைவர், இடைவேளையில் காரணம் கேட்டறிந்து, பாஸ் கிதார் வாசிப்பவரையும் அதே பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார்.